ஒரு நொடிப் பேச்சுக்கு எட்டு நொடி

அந்தக் கடையில் கிடைக்காத கேபிள் வேறெங்கும் கிடைக்காது என்று பேச்சு. அதனால் கடைக்காரிக்கே ‘கேபிள் அக்கா’ என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது. சுவர் முழுக்க இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு காலத்துக் கணினியின் வாய்க்குப் பொருந்தும் கம்பிகள்: ஒன்பது ஊசி, இருபத்தைந்து ஊசி, ஐம்பது ஊசி, ஊசி வளைந்தவை, இனி யாரும் தேடி வரமாட்டார்கள் என்று தெரிந்தும் தூக்கிப்போட மனம் வராதவை.

பழைய எந்திரங்களுக்குள் மாட்டிக்கொண்டதைப் புதிய எந்திரங்களுக்கு மாற்றித் தருவது அவள் தொழில். தொழிலைவிட அதிலுள்ள கணக்கு அவளுக்கு இன்னும் பிடிக்கும். யார் எந்தப் பெட்டியைத் தூக்கி வந்தாலும், உள்ளே எவ்வளவு இருக்கிறது, எந்த வழியாக வெளியே வரும், நொடிக்கு எவ்வளவு வரும் என்று மனத்துக்குள்ளேயே பெருக்கி வகுத்து, பெட்டியைத் திறக்கும் முன்பே நேரத்தைச் சொல்லிவிடுவாள். சொன்னால் சொன்னபடி முடியும். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஏலக்காரரும் அவர் மனைவியும் வந்தபோது அவள் அப்போதுதான் சாப்பிட்டுக் கைகழுவியிருந்தாள். ஏலக்காரர் ஒரு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். செங்கல் அளவுக் கறுப்புப் பெட்டி, மேலே சின்னத் திரை, பொத்தான்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்து மனைவி பேசினார்.

விஷயம் இதுதான். நாற்பது வருடம் ஏலம் கூவிய தொண்டை அவருடையது. இரண்டு வருடத்துக்கு முன் அதில் கட்டி வந்து, அறுவை சிகிச்சை செய்ததில் குரல் போய்விட்டது. போகும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், மனுசர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, இனி வாழ்நாளில் தேவைப்படும் என்று நினைத்ததையெல்லாம் தன் குரலில் பேசி இந்தப் பெட்டிக்குள் பதிந்து வைத்துக்கொண்டார். மூன்று மணி நேரப் பேச்சு. பொத்தானை அழுத்தினால் அவர் குரல் வரும். இன்று காலை காப்பியில் சர்க்கரை இல்லை என்று சொல்ல அழுத்தினார். “சர்க்க” என்றதோடு பெட்டி புகைந்து நின்றுவிட்டது.

“இத்தனை வருசம் நான் வாயை மூடுங்கன்னு சொன்னப்பல்லாம் மூடல. இன்னிக்குப் பேசியே ஆகணும், இன்னிக்குப் பார்த்து ஊமையாயிட்டாரு” என்றார் அந்த அம்மா.

கேபிள் அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தாள். பேச வைக்கும் பகுதி கருகிப் போயிருந்தது. ஆனால் நினைவகம் பத்திரமாக இருந்தது. திரை எரிந்தது, கோப்புறைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. உள்ளே இருப்பதை வெளியே எடுத்து அவருடைய போனில் போட்டுவிட்டால் போன் பேசும். தட்டச்சு செய்ததைப் படித்துக் காட்டுகிற வசதியும் போனில் இருக்கிறதே, இன்றைக்கு ஒரு நாள் அதை வைத்துச் சமாளிக்கலாமே என்று கேட்டாள். ஏலக்காரர் தோளில் தொங்கிய சின்ன வெள்ளைப் பலகையை எடுத்து எழுதிக் காட்டினார்: ‘அது எவனோட குரலோ.’

இன்றைக்கென்ன அவசரம் என்பதையும் அந்த அம்மாதான் சொன்னார். ஏலக்காரருக்கு ஒரே தம்பி. இரண்டு பேரும் சேர்ந்து ஏலக்கூடம் நடத்தியவர்கள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள், ஓட்டைப் பியானோ ஒன்றை அண்ணன் கூவிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் பின்னால் நின்ற தம்பி, வெளியே வந்து நின்ற வண்டிக்காரனைப் பார்த்து, அங்கேயே நில்லு என்று கையைத் தூக்கினார். ஏலம் கேட்கத் தூக்கிய கை என்று அண்ணன் சுத்தியலைத் தட்டிவிட்டார். நான் கேட்கவில்லை என்று தம்பி. தூக்கிய கை தூக்கியதுதான், சொந்தத் தம்பிக்கு ஒரு நியாயம் ஊராருக்கு ஒரு நியாயமா என்று அண்ணன். ரோஷத்தில் தம்பி அந்தப் பியானோவை வீட்டுக்கே கொண்டுபோனார். அது வாசலில் நுழையவில்லை. ஜன்னலை இடித்துத்தான் உள்ளே ஏற்றினார்கள். அன்றோடு பேச்சு நின்றது. அறுவை சிகிச்சை நடந்த அன்று தம்பி ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து, சுவரில் சாய்ந்து நின்றுவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள்; ஆடியது, ஆனால் படியேறவில்லை.

அந்தத் தம்பி நாளைக் காலை வெளிநாட்டுக்கு, மகனோடு நிரந்தரமாக இருக்கப் போகிறார். இன்று மாலை ஆறு மணிக்கு வந்து பார்த்துவிட்டுப் போவதாக அண்ணிக்குப் போன் செய்திருந்தார். இன்று பேசாவிட்டால் எப்போது பேசுவது?

கேபிள் அக்காவுக்கு நெஞ்சு உருகிவிட்டது. உருகிய நெஞ்சோடு கணக்குப் போடக் கூடாது. அவள் போட்டாள். இழுப்பறையில் கிடந்த கையேட்டை எடுத்துப் பின் அட்டையைப் புரட்டினாள். பெட்டியின் முதுகில் ஒன்பது ஊசி வாய் ஒன்று, வேகம் நொடிக்கு ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து இருநூறு பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்று குழந்தைக்கும் தெரியும், ஆனால் இந்த வழியில் எட்டால் வகுக்கிறவன் ஏமாளி. ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ‘வருகிறேன்’ என்று ஒரு பிட், பின்னால் ‘முடிந்தது’ என்று ஒரு பிட் கூடவே பயணம் செய்யும். எட்டுப் பேர் போகப் பத்து டிக்கெட். ஆகவே பத்தால் வகுக்க வேண்டும். நொடிக்குப் பதினோராயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் பைட். பேச்சோ நொடிக்கு எட்டாயிரம் பைட்டாகப் பதிந்திருக்கிறது. அப்படியானால் மூன்று மணி நேரப் பேச்சு இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். எட்டால் வகுக்காமல் பத்தால் வகுத்த பெருமிதத்தோடு, நாலரைக்கெல்லாம் வீட்டில் இருப்பீர்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கம்பியை மாட்டினாள். கணினித் திரையில் கோழி கிளறியதுபோலக் குப்பை கொட்டியது. வேகத்தைப் பாதியாக்கினாள், குப்பை. அதிலும் குறைத்தாள், குப்பை. படிப்படியாக இறங்கி இறங்கி, ஒன்பதாயிரத்து அறுநூறு பிட்டுக்கு வந்ததும் எழுத்துகள் சுத்தமாக வரிசையில் நின்றன. கையேட்டைத் திருப்பிப் பார்த்தாள். அது இதற்கு அடுத்த மாடலின் கையேடு.

ஒன்பதாயிரத்து அறுநூறைப் பத்தால் வகுத்தால் தொள்ளாயிரத்து அறுபது. ஒரு நொடிப் பேச்சு வந்து சேர எட்டு நொடிக்கு மேல். மொத்தமும் வர இருபத்தைந்து மணி நேரம். மணி அப்போது மூன்று. அவள் முகம் சுண்டிப்போனது. கம்பியை மாட்டும் முன்பே நேரம் சொல்வதை இத்தோடு விட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

அந்த அம்மா லேசில் விடுகிறவர் இல்லை. கம்பியின் உறையை எடுத்துப் படித்தார். இதில் நானூற்றெண்பது மெகா என்று போட்டிருக்கிறதே, அது என்ன ஆயிற்று என்று கேட்டார். அது கணினிப் பக்கத்து முனையின் வேகம், நொடிக்கு அறுபது மெகாபைட், அந்த வேகத்தில் இவர் பேச்சு மொத்தமும் இரண்டு நொடிக்குள் வந்துவிடும். ஆனால் இந்தப் பக்கத்து முனையில் பெட்டிதானே கொடுக்க வேண்டும் என்றாள் கேபிள் அக்கா.

“சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும், அதைச் சொல்றியா?”

“சட்டி நிறைய இருக்கும்மா. சட்டியோட வாய்தான் சின்னது.”

பெட்டியின் முதுகில் அகலமாக இன்னொரு வாய் இருக்கிறதே என்று அம்மா சுட்டிக் காட்டினார். அது அச்சு எந்திரத்துக்கானது. ஒன்பது ஊசி வழியில் பிட்டுகள் ஒற்றையடிப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். இதிலோ எட்டு எட்டாகத் தோளோடு தோள் சேர்ந்து வரும். நொடிக்கு ஒன்றரை லட்சம் பைட். பத்தே நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் இந்தப் பெட்டி அந்த வழியாகக் கோப்புகளின் பெயர்களைக் காகிதத்தில் அச்சடிக்குமே தவிரக் குரலைத் தராது. நினைவகச் சில்லைச் சூடாக்கிப் பெயர்த்தெடுத்து நேரே படிக்கலாம். கை கொஞ்சம் தவறினால் மூன்று மணி நேரமும் போய்விடும். அதைச் சொன்னதும் ஏலக்காரர் பெட்டியின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டார். அந்தப் பேச்சை அதோடு விட்டார்கள்.

ஆறு மணிக்குள் எவ்வளவு வரும் என்பதுதான் இப்போது கணக்கு. இருபது நிமிடப் பேச்சு வரும், அதற்குமேல் வராது. பெட்டி கோப்புறை கோப்புறையாகத்தான் அனுப்பும். நடுவில் நிறுத்தினால் அந்தக் கோப்புறை முழுக்கக் கெட்டுவிடும். திரையில் இருந்தவற்றில் இருபது நிமிடத்துக்குள் அடங்கி, மாலைக்கு உதவக்கூடியவை இரண்டே இரண்டு. ஒன்றின் பெயர் ‘வீடு’. வா, உட்கார், சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது, பிள்ளைகள் சௌக்கியமா, எல்லாம் அதில் இருந்தன. இன்னொன்றின் பெயர் ‘தம்பி’.

‘தம்பி’யில் என்ன இருக்கிறது என்று கேபிள் அக்கா கேட்டாள். ஏலக்காரர் கூரையைப் பார்த்தார்.

“திட்டு” என்றார் அம்மா. “இருபது நிமிசமும் திட்டு. மறுநாள் ஆபரேசன், பெட்டியில இடம் கொஞ்சம்தான் பாக்கி. பேரப்பிள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தை பேசி வைங்கன்னு சொன்னேன். இவரு ரூமுக்குள்ள உக்காந்து அவனைத் திட்டிக்கிட்டு இருந்தாரு. அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு.”

அதனால் ‘வீடு’தான் என்று அம்மா முடிவாகச் சொன்னார். ஆறு வருடம் கழித்துப் படியேறி வருகிறவனை, வா தம்பி உட்கார் என்று நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும். நல்லபடியாகப் போய்ச் சேரட்டும். கேபிள் அக்காவுக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஏலக்காரர் பலகையை எடுத்தார். ‘தம்பி’ என்று எழுதினார். அம்மா அதை முந்தானையால் துடைத்தார். அவர் மறுபடியும் எழுதினார், முன்னைவிடப் பெரிதாக. அம்மா மறுபடியும் துடைத்தார். மூன்றாம் முறை அவர் பலகையில் எழுதவில்லை. கடை மேசையில் முஷ்டியால் ஒரே ஒரு தட்டு தட்டினார். நாற்பது வருடம் சுத்தியல் பிடித்த கை. மேசை மேலிருந்த திருகாணிகள் எம்பி விழுந்தன.

 அந்த அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இழுப்பறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்தப் பிடிவாதத்தோடு மாரடிக்கிறேன் என்று இழுப்பறைகளிடம் மட்டும் சொன்னார்.

கேபிள் அக்கா திண்டாடிப் போனாள். அவள் மட்டும் வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் முதலில் மாட்டிப் பார்த்திருந்தால், சில்லைப் பெயர்க்கத் தெரிந்த வேறு யாரிடமாவது இவர்கள் நேரத்தோடு போயிருக்கலாம். இப்போது ஒரு குடும்பத்தின் கடைசிப் பேச்சு இருபது நிமிடத்துக்குச் சுருங்கி, அதுவும் வசவாகப் போகப் போகிறதே என்று அவளுக்கு அழுகையே வந்தது. ஆனால் குரல் அவருடையது. எதைப் பேசுவது என்று அவர்தானே சொல்ல வேண்டும். ‘தம்பி’யைத் தேர்ந்தெடுத்து அனுப்பு என்று அழுத்தினாள்.

திரையில் எண் நகர ஆரம்பித்தது. நகர்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஏலக்காரர் அதன் எதிரில் நாற்காலியைப் போட்டு, பால் பொங்கக் காத்திருக்கிறவர்போல உட்கார்ந்துவிட்டார். தம்பியைக் கடைக்கே வரச் சொல்லும்படி அம்மாவிடம் கேபிள் அக்காதான் கெஞ்சினாள். போனில் அம்மா சொன்னது: “வீட்டுக்கு வராத. உங்க அண்ணன் இங்க கடையில கொஞ்சம் கொஞ்சமா வந்துக்கிட்டு இருக்காரு.” மறுமுனையில் என்ன புரிந்துகொண்டார்களோ தெரியாது.

முதல் கோப்பு முழுதாக வந்ததும், சரியாக இருக்கிறதா என்று சோதிக்க அதைப் போனுக்கு மாற்றி ஒலிக்க விட்டாள்.

“டேய், கூமுட்டை.”

கடை அதிர்ந்தது. கணீரென்ற குரல், பின் வரிசைக்குக் கேட்கக் கூவிப் பழகிய குரல். அவ்வளவு பெரிய குரல் இவ்வளவு மெலிந்த மனிதருக்குள் இருந்ததா என்று கேபிள் அக்கா திகைத்தாள். திரும்பி உட்கார்ந்திருந்த அம்மாவின் தோள் அசைந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை போடு என்றார். இன்னொரு தடவை போட்டாள். திட்டுதான். ஆனால் காலையில் போன குரல் திரும்பி வந்துவிட்டது. மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது.

ஆறடிக்கச் சற்று முன்பு கோப்புறை முழுதும் வந்து சேர்ந்தது. கேபிள் அக்கா அதைப் போனில் ஏற்றி, எதைத் தொட்டால் எது பேசும் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே தம்பிக்காரர் வந்துவிட்டார். அண்ணனின் அதே மூக்கு, அதே வழுக்கை, கையில் ஒரு பழப்பை. பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். அண்ணியைப் பார்த்துத் தலையசைத்தார். அண்ணனின் கழுத்துத் தழும்பைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையை இழுப்பறைகளுக்கு மாற்றிக்கொண்டார்.

“நல்லா இருக்கியாண்ணே?” என்றார் சுவரைப் பார்த்து.

ஏலக்காரர் போனைத் தொட்டார். “டேய், கூமுட்டை” என்றது போன். “வாசல் அகலம் தெரியாம பியானோவைத் தூக்கிட்டுப் போனவன் நீ.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். தம்பிக்காரர் விறைத்து நின்றார்.  கேபிள் அக்காவுக்குப் போனைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது.

“நான் வண்டிக்காரனைத்தான் நிக்கச் சொன்னேன்” என்றார் தம்பிக்காரர். ஆறு வருடமாக அவர் தொண்டையில் நின்ற வாக்கியம் அதுதான் போலும்.

ஏலக்காரரின் விரல் தேடாமல் நகர்ந்தது. “வண்டிக்காரன்னு சொல்லுவ. வண்டிக்காரனை நிக்க வைக்க ரெண்டு கையையுமா தூக்குவாங்க?”

“ஒரு கைதான் தூக்கினேன்.”

“ஒரு கைதான்னு சாதிப்ப. உனக்குச் சாட்சி உன் பொண்டாட்டி. அவளுக்குத் தூரத்துல இருக்கிறது தெரியாது.”

தம்பிக்காரர் வாயைப் பிளந்தார். ஆறு வருடத்தில் வீட்டில் உட்கார்ந்து யோசித்து வைத்திருந்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பியானோவுக்குள் எலி இருந்தது என்றார். எலிக்கும் அந்தக் கோப்புறையில் பதில் இருந்தது. அப்பா இருந்தால் இப்படி நடக்க விட்டிருப்பாரா என்றார். அதற்கும் இருந்தது. நான் ஊரை விட்டே போகிறேன் என்றார். “எங்கேயாவது ஓடிப் போகலாம்னு நெனச்ச, காலை முறிச்சிடுவேன்” என்றது போன். குரல் போவதற்கு முந்தின நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவர், தம்பி எதற்கு எதைச் சொல்வான் என்று வரி தவறாமல் நினைத்துப் பார்த்து, அத்தனைக்கும் பதில் பேசி வைத்திருந்தார். அவர் பதில் சொல்லாத ஒன்றைத் தம்பியால் சொல்லவே முடியவில்லை.

எந்த இடத்தில் தம்பிக்காரர் சிரிக்கத் தொடங்கினார் என்று கேபிள் அக்கா கவனிக்கவில்லை. மருந்தை நேரத்துக்குப் போடாவிட்டால் பல்லை உடைப்பேன் என்று போன் மிரட்டியபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணியும் சிரித்தார். ‘வீடு’ கோப்புறையின் வா, உட்கார், சாப்பிட்டாயா எல்லாம் யார் வந்தாலும் சொல்கிறதுதான். இந்த இருபது நிமிடம் ஒரே ஒரு ஆளுக்காகப் பேசியது. அது கேபிள் அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏலக்காரர் தட்டிய தட்டு சரிதான்.

சிரித்து ஓய்ந்த பிறகு தம்பிக்காரர் முதல் முறையாக அந்தத் தழும்பை நேராகப் பார்த்தார்.

“ரொம்ப வலிச்சுதாண்ணே?”

ஏலக்காரரின் விரல் திரையில் மேலே போனது, கீழே வந்தது. அதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. தம்பி இதைக் கேட்பான் என்று அவர் நினைத்திருக்கவில்லை. போனை மேசையில் வைத்தார். ஆமாம் என்று தலையசைத்தார். தம்பிக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டு, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் கடையில் வேலை எதுவும் இல்லாவிட்டாலும் கேபிள் அக்கா உள்ளறைக்குப் போய் எதையோ தேடினாள்.

அவள் திரும்பி வந்தபோது கிளம்புகிற பேச்சு நடந்துகொண்டிருந்தது. தம்பிக்காரர் தன் போனை எடுத்து நீட்டினார்.

“அந்தத் திட்டையெல்லாம் என் போனுக்கு அனுப்பிடுண்ணே. அங்க போய்க் கேட்டுக்கிறேன்.”

இருபது நிமிடப் பேச்சு, பத்து மெகாபைட்டும் இருக்காது. பழைய பெட்டியிலிருந்து வர மூன்று மணி நேரம் பிடித்தது, போனிலிருந்து போனுக்குக் கண் இமைப்பதற்குள் போய்விடும். நேரத்தைச் சொல்ல கேபிள் அக்காவுக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். அதுவும் நல்லதாகப் போயிற்று. ஏலக்காரர் தன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். பலகையை எடுத்து எழுதித் தம்பியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

‘அனுப்ப மாட்டேன். திட்டு வேணும்னா நேர்ல வா.’

தம்பிக்காரர் அதை இரண்டு முறை படித்தார். நிரந்தரமாகப் போகிறவனிடம் இப்படி எழுதினால் என்ன அர்த்தம் என்று அண்ணியைக் கேட்டார். இந்த மனுசனிடம் நான் பேசுவதில்லை என்று அண்ணி சொல்லிவிட்டார். தம்பிக்காரர் பழப்பையை மேசையில் வைத்துவிட்டு, மகனுக்குப் போன் போட்டுக்கொண்டே வாசலுக்கு நடந்தார்.

“டேய், எனக்கு ஒரு வழி டிக்கெட்தானே எடுத்திருக்க? திரும்பி வர்றதுக்கும் ஒண்ணு பாரு. ஆமா, சீக்கிரமே. உங்க பெரியப்பா இன்னும் திட்டி முடிக்கல.”